மதுவிலக்குக் காலத்து மௌனக் காமெடிப் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1920-களில் அமெரிக்காவில் சாராயம் சட்டவிரோதமாக இருந்த காலத்தில் திருடன், போலீஸ், துரத்தல் என்று ஓடிய மௌன நகைச்சுவைப் படங்களைப் பற்றி வழக்கமாக எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. படங்களின் முடிவையும் சொல்லிவிடுவேன். நூறு வருடப் பழைய படத்துக்கு அந்த ரகசியமெல்லாம் காக்க முடியாது.

எந்த வருடங்களைச் சொல்கிறீர்கள்?

மதுவிலக்கு அமெரிக்கா முழுவதும் அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17. நீங்கியது 1933 டிசம்பர் 5. மௌனப்படத்தின் ஆயுள் அதற்கு முன்பே முடிந்துவிட்டது. 1927 அக்டோபரில் பேச்சும் பாட்டும் சேர்ந்த 'தி ஜாஸ் சிங்கர்' வந்தது. 1929 முடிவதற்குள் ஹாலிவுட் ஏறக்குறைய முழுவதுமாகப் பேசும் படத்துக்குத் தாவிவிட்டது. ஆக, இரண்டும் ஒன்றாக இருந்தது சுமார் பத்து வருடம். சாப்ளின் மட்டும் பிடிவாதமாக 1931-ல் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வசனமில்லாமல் எடுத்தார். குடித்திருக்கும்போது சார்லியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தெளிந்ததும் யார் நீ என்று விரட்டும் கோடீஸ்வரன் வருவது அதில்தான். மதுவிலக்கு அப்போதும் அமலில்தான் இருந்தது. படத்தில் யாருக்கும் அந்தக் கவலை இருந்ததாகத் தெரியாது.

குடிப்பதே குற்றமாக இருந்ததா?

இல்லை. இது தெரியாமல் பார்த்தால் பாதி ஜோக் பிடிபடாது. மதுவிலக்கை அமல்படுத்திய வால்ஸ்டெட் சட்டம் 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பானத்தைக் காய்ச்சுவதையும் விற்பதையும் எடுத்துச் செல்வதையும் தடுத்தது. குடிப்பதைத் தடுக்கவில்லை. சட்டம் வருவதற்கு முன்பே வாங்கி வீட்டில் அடுக்கி வைத்திருந்தால் வீட்டுக்குள் தாராளமாகக் குடிக்கலாம். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக் கடையில் விஸ்கி கிடைக்கும். தேவாலயத் திருப்பலிக்கு ஒயின் உண்டு. வசதியுள்ளவர்கள் 1919-லேயே நிலவறையை நிரப்பிக்கொண்டார்கள். மற்றவர்கள் கள்ளக்கடைக் கதவைத் தட்டிவிட்டு, துவாரத்தில் ஒரு கண் தெரியும்வரை காத்திருந்தார்கள்.

பாட்டில் பின்பாக்கெட்டில் இருந்தால் குற்றம், வயிற்றுக்குள் போய்விட்டால் அந்தச் சட்டப்படி குற்றமில்லை. நகைச்சுவை நடிகனுக்கு இதைவிட நல்ல சட்டம் கிடைக்குமா? போலீஸ்காரர் வரும் திசையைப் பார்த்ததும் பாட்டிலை என்ன செய்வது என்ற ஒரே கேள்வியை வைத்து எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் ஓட்டலாம்.

அப்படியானால் இவையெல்லாம் கேங்ஸ்டர் காமெடிகளா?

பெரும்பாலும் இல்லை. பிற்காலத்தில் வந்த படங்களைப் பார்த்துவிட்டு மெஷின் கன், கோடு போட்ட கோட்டு, கறுப்புக் கார் என்று எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். இந்தப் படங்களில் சாராயம் கதையின் நடுவில் உட்காருவது அபூர்வம். ஓரத்தில் இருக்கும். ஒரு பாக்கெட் வீங்கியிருக்கும், ஒரு சமையலறையில் பீப்பாய் பொங்கும், ஒரு ஊரே கெட்டுப்போயிருக்கும்.

மௌன நகைச்சுவைக்கு முதல் நாளிலிருந்தே ஏதாவது ஒரு குற்றம் தேவைப்பட்டது. ஹீரோ துரத்தப்பட வேண்டும், அவ்வளவுதான். 1920-க்கு முன்னால் ஜெயிலிலிருந்து தப்பியவன், பர்ஸ் அடித்தவன், ஆள் மாறாட்டத்தில் மாட்டியவன் என்று காரணம் தேடினார்கள். 1920-க்குப் பிறகு அரசாங்கமே ஒரு புதுக் குற்றத்தைக் கொடுத்தது. அதுவும் எப்படிப்பட்ட குற்றம்! டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் பலர் அந்த வாரமே செய்திருக்கக்கூடிய குற்றம். திரையில் பாட்டிலை ஒளிப்பவனைப் பார்த்துச் சிரித்தவர்கள் தங்களைப் பார்த்தே சிரித்தார்கள். சட்டத்தை நேரடியாகத் தாக்கிய காமெடிகளைத் தேடினால் கைக்கு அதிகம் சிக்காது. சட்டத்தை யாரும் சட்டை செய்யாத உலகத்தை வெகு சாதாரணமாகக் காட்டிய காமெடிகளே நிறைய. என் கணக்கில் இரண்டாவது வகைதான் சட்டத்துக்குக் கூடுதல் சேதம் செய்தது.

ஒரே ஒரு படம் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

'தி ஸ்ட்ராங் மேன்', 1926. ஹாரி லாங்டன் நடித்தது. பின்னாளில் பெரிய பெயர் வாங்கிய ஃபிராங்க் காப்ரா இயக்கிய முதல் முழுநீளப் படம். சாராயக் கும்பல் கதையின் உண்மையான வில்லனாக வருகிற, இன்றும் முழுதாகப் பார்க்கக் கிடைக்கிற மௌன நகைச்சுவைகளில் இதற்கு மேல் ஒன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

லாங்டன் ஒரு பெல்ஜியப் படைவீரன். முதல் உலகப் போரில் ஒரு ஜெர்மன் பயில்வானிடம் கைதியாகிறான். போர் முடிந்ததும் அந்தப் பயில்வான் ஜான்டோ மேடை வித்தை காட்ட அமெரிக்கா கிளம்ப, இவன் எடுபிடியாகக் கூடவே வருகிறான். போர்முனைக்குக் கடிதம் எழுதிய மேரி பிரவுன் என்ற பெண்ணைத் தேடுவதுதான் அவனுடைய ஒரே வேலை. அவள் கண் தெரியாதவள் என்பது அவனுக்குத் தெரியாது.

நியூயார்க் தெருவில் ஒரு திருடி, துப்பறிவாளர் நெருங்குவதைப் பார்த்து, பணக் கட்டை இவன் கோட்டுப் பையில் செருகிவிடுகிறாள். கட்டு நழுவிக் கோட்டின் உள்துணிக்குள் இறங்கிவிடுகிறது. திரும்ப எடுக்க வேண்டுமே! நான்தான் உன் மேரி என்று சொல்லி வீட்டுக்கு அழைத்துப்போய், வாசலில் மயங்கி விழுவதுபோல் நடிக்கிறாள். லாங்டன் அவளை மாடிக்குத் தூக்கிப் போக வேண்டும். அவளோ ஆளைவிடப் பெரியவள். அவன் படிக்கட்டில் முதுகு காட்டி உட்கார்ந்து, அவளை மடியில் இழுத்து வைத்து, ஒவ்வொரு படியாகப் பின்னோக்கி ஏறுகிறான். அவன் முகத்தைப் பாருங்கள்: சிரமம் இல்லை, சந்தேகம் இல்லை, தூங்கி எழுந்த குழந்தையின் குழப்பம் மட்டும்தான். மாடி வந்துவிட்டது அவனுக்குத் தெரியவில்லை. அங்கே நிற்கும் மர ஏணியிலும் அதே மாதிரி ஏறிக்கொண்டே போகிறான். அப்புறம் என்ன ஆகும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. ஊகித்த பிறகும் சிரிப்பு வரும்.

பிற்பாதிதான் நமக்கு வேண்டியது. மேரி வாழும் க்ளோவர்டேல் அமைதியான எல்லைப்புறச் சிற்றூராக இருந்தது. சாராயக் கும்பல் நுழைந்து, ஊரின் பொதுமன்றத்தையே குடியும் ஆட்டமுமாக மாற்றிவிட்டது. மேரியின் அப்பா பாதிரியார். எரிகோவின் மதில் விழுந்த விவிலியக் கதையை நம்பி, தன் சபையோடு பாட்டுப் பாடிக்கொண்டு அந்தக் கட்டடத்தைச் சுற்றி வருகிறார். உள்ளே ஜான்டோ குடித்துவிட்டு மட்டையாகிக் கிடக்க, எடுபிடியைப் பயில்வான் உடையில் மேடைக்குத் தள்ளிவிடுகிறார்கள். குண்டைத் தூக்க முடியாதவன் ஏதோ ஆடிச் சமாளிக்கிறான். கூட்டம் மேரியைப் பற்றி அசிங்கமாகப் பேசியதும் கதை மாறுகிறது. ஊஞ்சலில் தொங்கிக்கொண்டு பாட்டில்களை வீசுகிறான், மேடைத் திரையைக் கூட்டத்தின் தலைமேல் விரித்து அதன்மேல் நடக்கிறான், வித்தைக்கு வைத்திருந்த பீரங்கியை வெடிக்கிறான். சுவர் விழுகிறது. வெளியே நிற்கும் பாதிரியாருக்கு வேண்டுதல் பலித்துவிட்டது.

கடைசியில் லாங்டன் அந்த ஊரின் போலீஸ்காரன். சீருடையில் விறைப்பாக நடந்து தடுக்கி விழ, கண் தெரியாத மேரி தூக்கி நடத்திப் போகிறாள். படம் மதுவிலக்குக்கு ஆதரவானதா என்று கேட்டால், மேலுக்கு ஆம். ஆனால் சாராயக் கடையை இடிப்பது சட்டமோ அதிகாரியோ இல்லை. ஒரு அப்பாவி, ஒரு பீரங்கி, ஒரு விவிலியக் கதை. அரசாங்கத்துக்கு அந்த ஊரில் வேலையே இல்லை.

சாப்ளின் இந்தச் சட்டத்தைத் தொட்டாரா?

தொட்டார், ஆனால் விரல் நுனியால். 1921-ல் வந்த 'தி ஐடில் கிளாஸ்' சுமார் அரை மணி நேரப் படம். அதில் அவர் நாடோடியாகவும் குடிகாரப் பணக்காரனாகவும் இரட்டை வேடம். குடியை விடும்வரை உன்னோடு இருக்க மாட்டேன் என்று மனைவி எழுதி அனுப்பிவிடுகிறாள். அவன் கடிதத்தைப் படிக்கிறான், அவள் படத்தைப் பார்க்கிறான், நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். தோள்கள் குலுங்குகின்றன. பாவம், அழுகிறான் என்று நினைக்கும்போது மெல்லத் திரும்புகிறான். கையில் காக்டெய்ல் கலக்கும் குவளை. குலுங்கியது அதனால். வார்த்தை ஒன்றுகூட வேண்டாத ஜோக். மதுவிலக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகாத நாட்டில் அந்த வீட்டில் ஜின் எப்படி வந்தது என்று படம் விளக்கவும் இல்லை, பார்த்தவர்கள் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

1923-ல் வந்த 'தி பில்கிரிம்' இன்னும் நேரடியான குற்றக் காமெடி. ஜெயிலிலிருந்து தப்பிய கைதி பாதிரியாரின் உடையைத் திருடி மாட்டிக்கொள்கிறான். டெக்சாஸில் ஒரு சிற்றூர் புதுப் பாதிரியாருக்காகக் காத்திருக்கிறது. வரவேற்கும் சபைப் பெரியவர் தாட்டியான மேக் ஸ்வெய்ன். அவருடைய பின்பாக்கெட்டில் பாட்டில்! கள்ளப் பாதிரிக்கும் கள்ளக் குடிகாரருக்கும் நடுவே யார் யோக்கியர் என்பதைப் பார்வையாளரிடமே விட்டுவிடுகிறார் சாப்ளின். காணிக்கைப் பெட்டிகளைக் கையில் தூக்கி எடை பார்க்கும் அந்தத் தொழில்முறைத் திருடனின் கை, தாவீதும் கோலியாத்தும் மோதுவதை உடம்பால் நடித்துக் காட்டும் பிரசங்கம், எல்லாம் சேர்த்தால் சாப்ளினின் மிகச் சிறந்த ஒரு மணி நேரத்துக்குள் வரும். கடைசிக் காட்சியில் ஒரு கால் அமெரிக்காவிலும் ஒரு கால் மெக்சிகோவிலுமாக எல்லைக் கோட்டின் மேலேயே நடந்து போவார். இந்தப் பக்கம் ஜெயில், அந்தப் பக்கம் துப்பாக்கிச் சூடு.

பஸ்டர் கீட்டன்?

'மை வைஃப்ஸ் ரிலேஷன்ஸ்' (1922) பாருங்கள். போலிஷ் மொழி மட்டுமே தெரிந்த நீதிபதி ஒருவர், ஜன்னல் உடைந்த தகராறில் வந்து நிற்கும் கீட்டனையும் ஒரு முரட்டுப் பெண்ணையும் கல்யாண ஜோடி என்று நினைத்து மணம் முடித்து வைத்துவிடுகிறார். போய்ச் சேரும் வீட்டில் மாமனாரும் மைத்துனர்களும் மலைமலையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பாட்டு மேஜையில் இறைச்சித் துண்டு இவர் தட்டுக்கு வந்து சேருவதில்லை. கீட்டன் எழுந்து போய்ச் சுவர்க் காலண்டரில் தாளைக் கிழித்து வெள்ளிக்கிழமையாக்குகிறார். அவர்கள் கத்தோலிக்கர்கள், வெள்ளிக்கிழமை இறைச்சி ஆகாது. அத்தனை பேரும் முள்கரண்டியைக் கீழே வைக்க, இவர் நிதானமாகச் சாப்பிடுகிறார்.

மதுவிலக்கு வருவது கடைசிப் பகுதியில். வீட்டிலேயே காய்ச்சும் பீரில் ஈஸ்ட் அளவு மீறிப் போய், நுரை பொங்கி சமையலறையை நிரப்பி, விருந்து நடக்கும் அறைக்குள் புரள்கிறது. அந்த வருடங்களில் வீட்டில் பீர் காய்ச்சாத தெருவைத் தேடினால்தான் கிடைக்கும். மூடி தெறிப்பதும் பாட்டில் வெடிப்பதும் அனுபவப்பட்டவர்களுக்குப் புரிந்த சமாசாரம். கீட்டன் அதை அப்படியே பத்து மடங்காக்கினார்.

குற்றக் கும்பல் வேண்டுமென்றால் 'தி ஹை சைன்' (1921). 'கண்சிமிட்டும் கழுகுகள்' என்று தமிழில் சொல்லலாம், அப்படி ஒரு பணம் பறிக்கும் கும்பல். ஒரு கஞ்சனைக் கொல்ல கீட்டனை அவர்கள் அமர்த்துகிறார்கள். அதே கஞ்சன் தன்னைக் காக்கவும் கீட்டனையே அமர்த்துகிறான். கடைசித் துரத்தலில் வீட்டின் முன்சுவரை எடுத்துவிட்டு மேலும் கீழுமாக நான்கு அறைகளையும் ஒரே ஃப்ரேமில் காட்டி, பொறிக்கதவுகள் வழியாக ஆட்கள் தோன்றி மறைவதை எடுத்திருக்கிறார். சாராயம் இல்லை. பரவாயில்லை.

ஹெரால்டு லாயிட்?

'ஃபார் ஹெவன்ஸ் சேக்' (1926). பணக்கார வாலிபன் ஒருவன் தெரியாத்தனமாக நகரத்தின் சேரிப் பகுதியில் ஒரு தொண்டு நிலையத்துக்குப் பணம் கொடுத்துவிடுகிறான். அதன் நடத்துநரின் மகளைப் பார்த்ததும் அங்கேயே தங்கிவிடுகிறான். கூட்டம் சேர்ப்பதற்காகத் தெருத் தெருவாகப் போய் ரவுடிகளை வம்புக்கு இழுத்து, அவர்கள் துரத்த, நேராகப் பிரார்த்தனைக் கூடத்துக்குள் ஓடி வருகிறான். கடைசியில் தள்ளாடும் குடிகார நண்பர்களைக் கல்யாணத்துக்கு ஓட்டிக்கொண்டு போகும் மாடி பஸ் துரத்தல். நகரத்தின் நிஜப் போக்குவரத்துக்கு நடுவில் பஸ் சாய்ந்து வளைந்து போவதைப் பார்க்கும்போது வயிறு கலங்கும். மதுவிலக்கு நாட்டில் ஒரு பஸ் நிறையக் குடிகாரர்கள்! வசனத்துக்குப் பதிலாகத் திரையில் வரும் எழுத்து அட்டை அதைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

அதிகம் பேசப்படாத ஒருவரைச் சொல்லுங்களேன்.

ரேமண்ட் கிரிஃபித். பட்டுத் தொப்பி, மேல்கோட்டு, கைத்தடி, முகத்தில் எப்போதும் ஒரு நாசூக்கான புன்னகை. மற்ற காமெடியன்கள் துரத்தப்படும் அப்பாவிகள். இவர் மாட்டிக்கொண்டாலும் பதறாத ஏமாற்றுப் பேர்வழி.

'பாத்ஸ் டு பாரடைஸ்' (1925) படத்தின் முதல் பகுதி ஒன்றே போதும். சான் பிரான்சிஸ்கோ சைனாடவுனில் ஒரு கும்பல் போலியான 'திருடர் குகை' நடத்துகிறது. ஆபத்தை ரசிக்க வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு ஆபத்தை நடித்துக் காட்டிவிட்டு, அவர்களிடமே கொள்ளையடிக்கும் வியாபாரம். பெட்டி காம்ப்சன் அதன் தலைவி. அங்கே வரும் கிரிஃபித் சட்டென்று பேட்ஜைக் காட்டி மிரட்ட, கும்பல் பயந்துபோய் மாமூல் கொடுக்கிறது. வாங்கிக்கொண்டு அவர் போன பிறகுதான் தெரிகிறது, அது கேஸ் கம்பெனி இன்ஸ்பெக்டரின் பேட்ஜ். காசு கொடுத்தால் எந்த அதிகாரியையும் சரிக்கட்டலாம் என்று ஊரே நம்பிய வருடங்கள் அவை. அந்த நம்பிக்கைமேல்தான் இந்த ஜோக் நிற்கிறது. பிறகு இருவரும் ஒரே வைர மாலையைத் திருடப் போய், கூட்டுச் சேர்ந்து, மெக்சிகோ எல்லையை நோக்கிக் காரில் பறக்கிறார்கள். ஊருக்கு ஊர் மோட்டார் சைக்கிள் போலீஸ் கூடிக்கொண்டே போகிறது. கடைசி ரீல் காணாமல் போய்விட்டதால் படம் எல்லையோடு நின்றுவிடும். தொலைந்த ரீலில் அவர்கள் திருந்தி, மாலையைத் திருப்பிக் கொடுக்கப் புறப்படுகிறார்கள். மனசாட்சியை விட்டுச் சொன்னால், இப்போதுள்ள முடிவே மேல்.

கிரிஃபித்துக்குச் சிறு வயதிலேயே குரல் போய்விட்டது. கரகரத்த கிசுகிசுப்புதான் வரும். மௌனப்படத்தில் அது யாருக்கும் தெரியவில்லை. பேசும் படம் வந்ததும் நடிப்பு முடிந்தது. 1930-ல் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' படத்தில் பள்ளத்துக்குள் செத்துக்கொண்டிருக்கும் பிரெஞ்சு வீரனாக, பேச்சே இல்லாத வேடத்தில் வந்தார். பிறகு தயாரிப்பாளர் ஆகிவிட்டார்.

வசனம் இல்லாமல் கள்ளச்சாராயத்தை எப்படிப் புரிய வைத்தார்கள்?

பார்ப்பவர்களுக்கு முன்பே தெரியும் என்பதால் பாதி வேலை மிச்சம். கதவில் சின்னத் துவாரம், அதில் ஒரு கண்: அது கள்ளக்கடை. தேநீர்க் கோப்பையில் ஒரு மடக்குக் குடித்ததும் முகம் கோணினால் அது தேநீர் இல்லை. நிஜக் கள்ளக்கடைகளிலும் கோப்பையில்தான் ஊற்றினார்கள். பின்பாக்கெட் வீக்கம், அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் கை, மருந்துக் கடைக்காரரிடம் ஒரு கண்சிமிட்டல். பெஞ்சில் உட்கார்ந்ததும் சட்டென்று எழுந்து பின்புறத்தைத் தடவினால் பாட்டில் உடைந்துவிட்டது. ஒளித்துப் பேசும் விஷயத்துக்குச் சைகைதானே மொழி! பேசும் படம் வந்த பிறகு இதையெல்லாம் வாயால் சொல்ல ஆரம்பித்தார்கள், சுவை குறைந்தது.

சென்சார் விடவில்லையா?

நாடு முழுவதற்கும் ஒரே சென்சார் கிடையாது. பென்சில்வேனியா, ஒஹையோ, கான்சாஸ், நியூயார்க் போன்ற சில மாநிலங்களுக்குத் தனி வாரியம் இருந்தது. சிகாகோவில் போலீஸ் அனுமதி வேண்டும். திரைப்படத்துக்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1915-லேயே சொல்லிவிட்டதால் ஸ்டுடியோக்களுக்குப் பயம் உண்டு. 1922-ல் வில் ஹேஸ் தலைமையில் ஒரு சங்கம் வைத்துத் தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொள்வதாகக் காட்டிக்கொண்டார்கள். கதைக்குத் தேவையில்லாமல் குடியைக் காட்டக் கூடாது என்ற விதி 1930-ல்தான் எழுத்தில் வந்தது. அதற்குள் மௌனக் காமெடி முடிந்துவிட்டது.

நிஜ மதுவிலக்கு அதிகாரிகள் எப்படி இருந்தார்கள்?

இஸ்ஸி ஐன்ஸ்டைன், மோ ஸ்மித் என்று நியூயார்க்கில் இரண்டு குண்டு மனிதர்கள். இஸ்ஸி தபால் அலுவலக எழுத்தராக இருந்து 1920-ல் மதுவிலக்கு ஏஜென்ட் ஆனவர். துப்பறியும் அனுபவம் பூஜ்யம். மாறுவேடம்தான் ஆயுதம்: கல்லறைக் குழி தோண்டுபவர், கால்பந்து வீரர், டிராம்போன் வாசிப்பவர். ஒரு கடையில் நேராகப் போய், நான் மதுவிலக்கு ஏஜென்ட், ஒரு கிளாஸ் கொடு என்று கேட்டாராம். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்து ஊற்றிக் கொடுத்தார், கைதானார். சாட்சியம் கெடாமல் இருக்க, கோட்டுப் பையில் சின்னப் புனல் வைத்து, அதை உள்ளே இருக்கும் பாட்டிலோடு குழாயால் இணைத்திருந்தார். ஊருக்கு ஊர் போய், இறங்கி எவ்வளவு நேரத்தில் சாராயம் கிடைக்கிறது என்று கடிகாரம் பார்த்தார். நியூ ஆர்லியன்ஸில் 35 விநாடி. டாக்ஸி டிரைவரே பாட்டிலை நீட்டினார்.

இருவர் கணக்கில் 4,932 கைதுகள் என்று சொல்வார்கள். பத்திரிகைகள் இவர்களைக் கொண்டாடின, மேலதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. 1925 நவம்பரில் வேலை போனது. எந்த ஸ்டுடியோவும் யோசித்திருந்தால்கூட இப்படி ஒரு ஜோடியை எழுதியிருக்காது.

ஆர்பக்கிள் விவகாரத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு, அது சிரிக்க முடியாத பகுதி. ரோஸ்கோ ஆர்பக்கிள் அன்றைய உச்ச காமெடியன், கீட்டனைப் படத்துக்குக் கொண்டுவந்தவர். 1921 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோ ஓட்டலில் அவர் கொடுத்த விருந்தில் கள்ள மது ஓடியது. அங்கே நோய்வாய்ப்பட்ட வர்ஜீனியா ராப்பே என்ற நடிகை சில நாளில் இறந்தார். மூன்று விசாரணை நடந்தது. முதல் இரண்டில் ஜூரி ஒருமனதாகவில்லை, மூன்றாவது ஜூரி 1922 ஏப்ரலில் அவரை விடுவித்ததோடு வருத்தமும் தெரிவித்தது. அவர்மேல் கடைசியில் நின்ற ஒரே குற்றம் மதுவிலக்குச் சட்ட மீறல்; 500 டாலர் அபராதம். ஆனால் நடிப்பு வாழ்க்கை அதோடு போனது, பிறகு புனைபெயரில் படம் இயக்கினார். திரையில் பாட்டிலை ஒளிப்பவரைப் பார்த்துச் சிரித்த அதே ஊர், நிஜத்தில் பாட்டிலோடு ஒரு காமெடியன் மாட்டியபோது சிரிக்கவில்லை.

எப்போது இது நகைச்சுவையிலிருந்து மாறியது?

1927 ஆகஸ்டில் ஜோசப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க்கின் 'அண்டர்வேர்ல்ட்' வந்தது. கதை சிகாகோ நிருபராக இருந்த பென் ஹெக்ட். முதல் ஆஸ்கர் விழாவில் கதைக்கான பரிசு அவருக்குத்தான். அதில் ரவுடிக் கூட்டத்தின் ஒட்டுண்ணியாக வருபவர் லாரி சீமன், சில வருடங்களுக்கு முன்பு சாப்ளினோடு வைத்துப் பேசப்பட்ட காமெடியன். அவர் அடுத்த வருடமே இறந்துவிட்டார். காமெடியன் ஓரத்துக்குப் போய் ரவுடி நடுவுக்கு வந்துவிட்டான் என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டாம்.

1928-ல் 'தி ராக்கெட்' வந்தது. சாராய முதலாளியும் அவனுக்குப் பணியாத போலீஸ் கேப்டனும், நடுவில் விலைபோன அரசியல்வாதிகளும். அதே வருடம் ஜூலையில் 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்', முழுக்கப் பேசிய முதல் முழுநீளப் படம். கதை? முடிதிருத்தும் கடையை முகப்பாக வைத்து நடக்கும் கள்ளக்கடை. பிறகு 1929 பிப்ரவரி 14 அன்று சிகாகோவில் கும்பல் பகையில் ஒரு கராஜில் ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். பின்பாக்கெட் பாட்டில் ஜோக்குக்கு அதற்குப் பிறகு பழைய இடம் கிடைக்கவில்லை.

'சம் லைக் இட் ஹாட்' இந்தப் பட்டியலில் வருமா?

வராது. 1959 படம், வாய் ஓயாமல் பேசும் படம். கதை நடப்பது மட்டும் 1929-ல். சவப்பெட்டிக்குள் சாராயம் கடத்தும் முதல் காட்சியில் பழைய மௌனக் காமெடியின் வாசனை அடிக்கும், அதனால்தான் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

லாரல்-ஹார்டி?

இருவரும் ஜோடியாக நிலைத்தது 1927-ல். ஜெயில் தப்பும் கைதிகளாக மௌனத்தில் 'லிபர்டி' (1929) பார்க்கலாம். மதுவிலக்கை வைத்தே எடுத்த 'ப்ளாட்டோ' (1930), 'பார்டன் அஸ்' (1931) இரண்டும் பேசும் படங்கள். இரண்டாவதில் சொந்தமாகக் காய்ச்சிய பீரைப் போலீஸ்காரரிடமே விற்று ஜெயிலுக்குப் போகிறார்கள்.

இவற்றை எங்கே பார்ப்பது? இலவசமாகப் பார்ப்பது சட்டப்படி சரியா?

1929 வரை வெளியான அமெரிக்கப் படங்களுக்கு அங்கே காப்புரிமை முடிந்துவிட்டது. இந்தியாவிலும் திரைப்படத்துக்கு வெளியானதிலிருந்து 60 வருடம்தான். யூடியூபிலும் இணைய ஆவணக் காப்பகத்திலும் நான் சொன்னவை பெரும்பாலும் கிடைக்கும். புதிதாகச் சேர்த்த இசைக்கு மட்டும் தனி உரிமை இருக்கலாம்.

கிடைப்பதே பெரிது என்று நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2013-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 1912 முதல் 1929 வரை வந்த சுமார் 11,000 முழுநீள மௌனப்படங்களில் மூல வடிவில் மிஞ்சியது 14 சதவீதம். நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், அழுகும். அதைவிட, பேசும் படம் வந்த பிறகு இதற்கு மதிப்பில்லை என்று ஸ்டுடியோக்களே தூக்கிப் போட்டன.

ஆட்கள் ஏன் குதித்துக் குதித்து நடக்கிறார்கள்?

பிரதியின் கோளாறு. அந்தக் காலக் கேமராவைப் பெரும்பாலும் கையால் சுற்றினார்கள், விநாடிக்கு 16 முதல் 24 ஃப்ரேம் வரை வேகம் மாறும். எல்லாவற்றையும் 24-ல் ஓட்டினால் நடப்பவன் ஓடுவான். துரத்தல் காட்சிகளை வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி எடுத்ததும் உண்டு, அது வேறு. முறையாகச் சீரமைத்த பிரதியில் லாங்டனின் அந்த மந்தமான கண் சிமிட்டல் அதன் சரியான நேரத்தில் வரும். மங்கலான, வேகமான பிரதியில் அவர் வெறும் கோமாளியாகத் தெரிவார். கிடைத்த முதல் லிங்க்கைச் சொடுக்காமல் இரண்டு மூன்றைத் திறந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

பிள்ளைகளோடு பார்க்கலாமா?

குடி, ரத்தம் பற்றிய கவலை வேண்டாம். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. சைனாடவுன் என்றால் அபின், கத்தி, கடத்தல் என்று சீனர்களைக் காட்டும் வழக்கம் 'பாத்ஸ் டு பாரடைஸ்', லாயிடின் 'வெல்கம் டேஞ்சர்' (1929) போன்றவற்றில் அப்பட்டமாக உண்டு. வெள்ளைக்காரர் முகத்தில் கரி பூசிக் கறுப்பராக நடிப்பதும் அந்தக் காலத்தில் சகஜம், கீட்டன் படங்களிலும் வரும். கூட உட்கார்ந்து பார்த்து, அது ஏன் தப்பு என்று சொல்லிவிட்டால் போதும். எட்டு வயதுப் பிள்ளைக்கு 'தி ஹை சைன்' நன்றாகவே பிடிக்கும். 'தி ஐடில் கிளாஸ்' ஜோக்குக்கு மட்டும் அந்தக் குவளை எதற்கு என்று நீங்கள் விளக்க வேண்டியிருக்கும்.